குதிரையும் மருந்தும்: பழைய கைத்துப்பாக்கியின் பழுதும் தமிழ்ச் சொல்லும்



இலக்கணமும் இலக்கியமும் கேட்டுப் பழகிய இவ்வவைக்கு இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே விந்தையாகத் தோன்றலாம். பழைய படைக்கலமாகிய கைத்துப்பாக்கியைப் பேணுவதையும் அதன் பழுதை நீக்குவதையும் தமிழில் பேச முடியுமா என்பதே நம் கேள்வி. துப்பாக்கி பயிற்றுவிக்க நாம் வரவில்லை. நம் தொழில் சொல்லாராய்ச்சி. ஒரு பொறியை ஒரு மொழி தனதாக்கிக்கொண்டதா என்று அறிய, அப்பொறியின் உறுப்புகளுக்கு அம்மொழியில் பெயர் உண்டா என்று பார்ப்பதே வழக்கமாக இருந்துவருகிறது. அது போதாது என்பது நம் கருத்து. உறுப்புகளுக்குப் பெயர் சூட்டக் கலைச்சொற்குழு ஒன்று பிற்பகல் ஒன்றில் கூடினால் போதும். பழுதுகளுக்குரிய சொற்களோ குழுவில் பிறப்பதில்லை. பொறியைக் கையில் பிடித்து, அது ஓடாதபோது முகம் சுளித்தவர் வாயில்தான் அவை பிறக்கின்றன. ஆகவே பொறி எம்மொழிக்கு உரியது என்று அறிய, அதன் கோளாற்றை அம்மொழியில் சொல்லிப் பார்க்கவேண்டும்.

கைத்துப்பாக்கியை ஏன் தேர்ந்தோம்? பேராக் மாநிலத்தின் அண்மை வரலாற்றில் அது வெறும் அருங்காட்சியகப் பொருளன்று. 1941 டிசம்பர் இறுதியில் சப்பானியர் ஈப்போவைக் கைப்பற்றினர். அவ்வாண்டு கழிந்து மறு ஆண்டு பிறந்த நாள்களில் கம்பார் மலைச்சரிவில் பெரும்போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் விட்டுச்சென்றவையும் சப்பானியர் கொண்டுவந்தவையும் பின்னர்ப் படை 136 என்னும் பிரிவினர் வானூர்தியிலிருந்து காட்டில் இறக்கியவையும் ஆகப் பலவகைப் படைக்கலங்கள் இம்மாநிலத்துக் காடுகளில் சேர்ந்தன. போர் முடிந்து 1945 டிசம்பரில் சப்பானிய எதிர்ப்புப் படையினர் கலைந்தபோது எல்லா ஆயுதங்களும் திரும்ப ஒப்படைக்கப்படவில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கரும், பின் சூன் தோட்டத்து ஜான் அல்லிசனும் அவருடைய துணைவர் இயன் கிறிஸ்டியனும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து எழுந்த அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் துரைமார் இடுப்பில் தோலுறையோடு கைத்துப்பாக்கி தொங்கியது. அவரோடு ஊர்தியில் சென்ற ஓட்டுநர், அலுவலகத்துக் கிராணி, வாயிலில் நின்ற சிறப்புக் காவலர், அதிகாலையில் பெரட்டுக்கு வந்து நின்ற பால்வெட்டுத் தொழிலாளி என எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தனர். பத்து காஜாவின் பழைய கல்லறைத் தோட்டத்தில் அக்காலத்து நடுகற்களைக் காணலாம். பெரட்டு என்பதே படையணிவகுப்பைக் குறிக்கும் பரேடு என்ற சொல்லின் திரிபு என்பர். தோட்டத் தமிழுக்குள் படைச்சொல் துப்பாக்கிக்கு முன்னரே புகுந்துவிட்டது போலும்.

இனிச் சொற்களுக்கு வருவோம். துப்பாக்கி என்ற சொல் துருக்கி மொழிவழி வந்தது. பீரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த பிரங்கி என்ற பெயரே. பறங்கியும் அதன் உடன்பிறப்பு. நம் வீட்டுப் பறங்கிக்காயும் பீரங்கியும் ஒரே குடும்பத்துப் பெயர்கள் என்று மாணவரிடம் சொல்லிப் பாருங்கள், அன்றைய வகுப்பு உறங்காது. தோட்டா வடபுலத்து மொழிவழி வந்தது. பிஸ்டல் என்பதை, செக் மொழியில் குழலைக் குறிக்கும் ஒரு சொல்லோடு இணைப்பர். தமிழரும் தோட்டா புறப்படும் உறுப்பைக் குழல் என்றே அழைத்து, ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று வகைப்படுத்தினர். இசைக்கருவியின் பெயரைக் கொலைக்கருவிக்குக் கொடுக்க இரு தேயத்தாரும் தனித்தனியே துணிந்திருக்கிறார்கள்.

இவற்றினும் சுவையானவை இரண்டு. முதலாவது குதிரை. துப்பாக்கியின் பின்புறத்தில் நிமிர்ந்து நின்று, விசையை அழுத்தியதும் பாய்ந்து அடிக்கும் உறுப்பைத் தமிழர் குதிரை என்றனர். இந்தியிலும் அது குதிரையே. ஆங்கிலேயருக்கும் செருமானியருக்கும் அவ்வுறுப்பு சேவல். டச்சுக்காரர் கொத்தும் சேவல் என்னும் பொருளில் ஸ்னாப்ஹான் என்று ஒருவகைத் துப்பாக்கியை அழைக்க, அதுவே மலாயில் செனாப்பாங் ஆயிற்று. மலாய்மொழியில் துப்பாக்கியின் இவ்வுறுப்பைக் குறிக்கும் பெலாத்தோக் என்ற சொல்லோ மரங்கொத்திக்கும் உரியது. சேவல் கொத்துகிறது, மரங்கொத்தி தட்டுகிறது, குதிரை பாய்கிறது. மூன்று மக்களும் ஒரே இயக்கத்தைப் பார்த்துத் தத்தம் முற்றத்திலோ காட்டிலோ கண்ட உயிரை நினைத்துக்கொண்டனர். பேராக்கின் ஒரு தோட்டத்து வாயிலில் நின்ற மலாய்க் காவலரும் தமிழ் ஓட்டுநரும் ஆங்கிலத் துரையும் ஒரே உறுப்பைப் பார்த்து மூன்று விலங்குலகங்களில் இருந்தனர் என்பது மொழியாராய்ச்சியாளனுக்கு விருந்து.

இரண்டாவது மருந்து. தோட்டாவுக்குள் எரியும் பொடி தமிழில் வெடிமருந்து. மலாயில் ஊபாட் பெடில். சீனத்தில் நெருப்பு மருந்து எனப் பொருள்படும் சொல். மூன்றிலும் மருந்தே. ஊபாட் பெடிலில் உள்ள பெடில் என்ற சொல்லைத் தமிழ் வெடிலோடு இணைத்துக் காட்டும் அகராதியாளரும் உளர். நோய் தீர்க்கும் பொருளும் உயிர் போக்கும் பொருளும் ஒரே பெயரில் நிற்பது நம் மொழிக்கு மட்டும் உரிய விபத்தன்று.

உறுப்புப் பெயர்களில் தமிழ் ஏழையன்று என்பது இதனால் விளங்கும். குழல், குதிரை, விசை, ஊசி, சுருள்வில், பிடி, தோட்டா, தோட்டாக்கூடு என்று எளிதாக அடுக்கலாம். பொறி என்ற நம் பழஞ்சொல்லோ இயந்திரத்தையும் குறிக்கும், தீப்பொறியையும் குறிக்கும். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிலின் பொறிகளை வரிசையாகச் சொல்கிறது. துப்பாக்கி இவ்விரு பொருளிலும் பொறியே.

பேணுவதைப் பேசுமிடத்தில்தான் சோதனை தொடங்குகிறது.

போர்க்காலத்துக் கைத்துப்பாக்கியின் முதற்பகை சூடும் அன்று, மண்ணும் அன்று, உப்பு. அக்காலத்துத் தோட்டாக்களின் அடியில் இருந்த பற்றவைப்புப் பொடியில் பொட்டாசியம் குளோரேட்டு கலந்திருந்தது. அது எரிந்தபின் குழலினுள் ஒருவகை உப்பு படியும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கிந்தாப் பள்ளத்தாக்கின் காற்றிலும், மழைக்குப் பெயர்பெற்ற தைப்பிங்கின் காற்றிலும் அதற்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாலையில் சுட்டுவிட்டு அப்படியே வைத்த குழலில் காலையில் துருவின் செம்மை தெரியும். இங்குப் பலர் எண்ணுவதற்கு மாறான உண்மை ஒன்று உண்டு. எண்ணெய் இட்டால் போதும் என்பது தவறு; எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்பைக் கரைப்பது நீர். ஆகவேதான் ஆங்கிலப் படையினர் குழலினுள் கொதிநீரை ஊற்றினர். கொதிநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். இரும்பு சூடேறியிருப்பதால் எஞ்சிய ஈரம் விரைந்து உலரும். அதன்பின் உலர்துணியிட்டுத் துடைத்து, இறுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. கழுவு, உலர்த்து, துடை, பூசு: இந்நான்கு வினைகளும் நம் அடுக்களையில் இரும்புத் தோசைக்கல்லுக்கும் உரியவை. பேணுதலின் மொழி படைமுகாமில் பிறக்கவேண்டியதில்லை.

எண்ணெயிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய எண்ணெய் நாளடைவில் தடித்துப் பிசினாகும். மங்கில் எஞ்சிய பால் காற்றுப்பட்டு ஒட்டுப்பாலாக உறைவதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவர். அதே போன்று தான். உறைந்த எண்ணெய் ஊசியின் பாய்ச்சலைத் தளர்த்திவிடும்; ஊசி தோட்டாவின் அடியைத் தொடும், ஆனால் தைக்காது. சமையலுக்குரிய எண்ணெய்கள் இதற்கு ஏற்றவையல்ல. அவை சிக்குப் பிடிக்கும். சிக்கு என்பது எண்ணெயின் கெட்ட நிலை. சிக்குதல் என்பது பொறி நின்றுபோதல். முன்னதிலிருந்து பின்னது நேர்வதைச் சொல்லின் ஒலியே நினைவூட்டுகிறது. இச்சொற்கள் வேரில் ஒன்றா என்பது தனி ஆய்வு. பழுது நீக்குவோனுக்கு இந்நினைவு போதும்.

தோலுறையும் நண்பனைப்போல் தோன்றும் பகையே. பதனிட்ட தோலில் எஞ்சிய அமிலமும் அது உறிஞ்சிய ஈரமும் இரும்பை அரிக்கும். இடுப்பில் அணிவதற்கு உறை ஏற்றது. ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு ஏற்றதன்று. தோல்வாரின் கண்ணிகளில் செருகிவைத்த பித்தளைத் தோட்டாக்களில் பச்சை படர்வதைக் காணலாம். இதற்குத் தமிழில் களிம்பு என்ற அருமையான சொல் இருக்கிறது. சைவசித்தாந்தம் பயின்ற ஆசிரியர்கள் செம்பும் களிம்பும் என்ற உவமையை நன்கறிவர். ஆணவ மலத்துக்கு உவமையாகிய அதே சொல் தோட்டாவின் மேற்படிவுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் துருவும் களிம்பும் வெவ்வேறு சொற்கள், தமிழிலும் அவ்வாறே. இரும்புக்குத் துரு, செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு, புகையால் படிவது கரி, எண்ணெயால் படிவது பிசுக்கு, அடியில் தங்குவது கசடு. இன்று நம் மாணவரிடம் இவை ஐந்தையும் காட்டினால் ஐந்தையும் அழுக்கு என்பர்.

இனிப் பழுதுகள். சுழல்துப்பாக்கியை முதலில் கொள்வோம். ஆங்கிலேயரிடம் இருந்த வெப்லி ஆறாம் வகை 1915-இலும், என்ஃபீல்டு இரண்டாம் எண் 1932-இலும் படைக்கு ஏற்கப்பட்டவை. மேற்பூட்டை விடுவித்தால் குழல் முன்னோக்கி மடியும். நடுவிலுள்ள நட்சத்திர வடிவத் தகடு எழுந்து ஆறு வெற்றுத் தோட்டாக்களையும் ஒருங்கே வெளியே தள்ளும். அழகிய அமைப்பு. ஆனால் மென்மையாக, தயங்கித் தயங்கித் திறந்தால் ஒரு வெற்றுத்தோட்டா நட்சத்திரத்தின் அடியில் நழுவிச் சிக்கிக்கொள்ளும். பிறகு துப்பாக்கி மூடவும் மூடாது. ஈப்போவை அடுத்த பழைய தோட்டமொன்றில் நாம் சொற்கள் திரட்டியபோது, ஓட்டுநராய் இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இதனைக் கையால் நடித்துக்காட்டி, அது பல்லிடுக்கில் மாட்டிக்கொள்வது என்றார். உறுப்பின் பெயர் அவருக்குத் தெரியாது. பழுதின் பெயர் தெரிந்திருந்தது. நம் அளவுகோலை நாம் அமைத்துக்கொண்டது அவரிடமிருந்தே.

தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி வேறு இனம். பிரவுனிங்கின் 1935-ஆம் ஆண்டு அமைப்பில் கூட்டில் பதின்மூன்று தோட்டாக்கள் இருக்கும். போர்க்காலத்தில் கனடாவின் டொராண்டோ நகரில் இங்கிலிஸ் ஆலையும் அதனை ஆக்கியது. சப்பானியரின் நம்பு வகைக்குப் பதினான்காம் ஆண்டு என்று பெயர். அது தைஷோ மன்னர் ஆட்சியின் 14-ஆம் ஆண்டு, அதாவது 1925. பெயரிலேயே நாள்காட்டியைப் பொறித்த துப்பாக்கி அது. அதன் ஊசிக்குரிய சுருள்வில் வலுக்குன்றியது என்பது எல்லாரும் அறிந்த குறை. தோலுறையிலேயே மாற்று ஊசி ஒன்று வைக்க இடம் அமைத்திருந்தனர். பழுதை முன்னறிந்து உறையில் இடம் ஒதுக்கிய அவர்களின் நேர்மையைப் பாராட்டலாம். வில்லை வலுப்படுத்தியிருந்தால் இன்னும் பாராட்டலாம்.

இவ்வகைத் துப்பாக்கியில் ஒவ்வொரு வெடிக்கும் நான்கு செயல்கள் நிகழவேண்டும்: வெற்றுத்தோட்டாவைப் பிடித்து இழுத்தல், வெளியே எறிதல், புதியதை ஊட்டல், குதிரையையோ ஊசியையோ மீண்டும் பின்வாங்கி நிறுத்தல். பழுது என்பது இவற்றுள் ஒன்று தவறுவது. எறியப்படவேண்டிய வெற்றுத்தோட்டா வாயில் கடிபட்டு நிமிர்ந்து நின்றால் ஆங்கிலேயர் அதனை அடுப்புப் புகைபோக்கி என்பர். குளிர்நாட்டார் வீட்டிலிருந்து வந்த உவமை. நம் தமிழில் கடித்துக்கொண்டது என்ற ஒரு சொல்லே போதும். மிதிவண்டியின் சங்கிலியும் காற்சட்டை நுனியைக் கடிக்கும், புதுச்செருப்பும் காலைக் கடிக்கும். கூட்டின் வாய்விளிம்பு நெளிந்திருந்தால் ஊட்டல் தவறும். பழைய கைத்துப்பாக்கிகளின் கோளாறுகளுள் பெரும்பகுதி இக்கூட்டிலிருந்தே வருவது. கோளாறு கண்டால் குழலை ஆராயுமுன் கூட்டை மாற்றிப் பார்ப்பதே அறிந்தோர் வழக்கம்.

பழுதை அறியக் கண்ணைவிடச் செவி விரைவானது. உட்புழுதி இருந்தால் கரகர என்னும்; இணைப்புகள் தளர்ந்தால் லொடலொட என்னும். நம் பாடநூல்களில் இரட்டைக்கிளவிக்குச் சலசலவும் கலகலவும் அன்றி வேறு எடுத்துக்காட்டே இல்லாதது போலிருக்கிறது. நீரும் சிரிப்பும் மட்டுமா ஒலிக்கின்றன? பட்டறையில் இரட்டைக்கிளவி நோய்நாடும் கருவி. ஆசிரியர்கள் மிதிவண்டிப் பட்டறைக்கு மாணவரை ஒருநாள் அழைத்துச் செல்வார்களானால் ஓர் இலக்கணப்பகுதி முழுவதும் அங்கே கேட்கும்.

எல்லாவற்றிலும் இடர்மிக்கது, விசையை அழுத்தியும் வெடியாத நிலை. ஒலியின்றி நின்ற துப்பாக்கிக்குள் மூன்று வேறு நிலைகள் ஒளிந்திருக்கலாம். மருந்து அறவே பற்றாமல் போயிருக்கலாம். பற்றியும் பற்றாமலும் கனன்று சற்றுத் தாமதித்து வெடிக்க இருக்கலாம். அல்லது அரைகுறையாகப் பற்றித் தோட்டாவின் குண்டைக் குழலின் நடுவிலேயே விட்டிருக்கலாம். முதலாவது வெறும் ஏமாற்றம். இரண்டாவதில் அவசரப்பட்டுத் திறப்பவர் கையை இழப்பார். குழலை ஆளில்லாத் திசையில் நிறுத்திப் பொறுத்திருப்பதே முறை. மூன்றாவதை உணராமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழலே பிளக்கும். இம்மூன்றையும் நம் பிள்ளைகள் தீபாவளியன்று அறிவார்கள். பற்றாத திரி, கனன்றுகொண்டிருக்கும் திரி, நமுத்துப் போய்ப் புஸ்ஸென்று அடங்கிய வெடி. அணைந்துவிட்டதென்று குனிந்து பார்க்காதே என்று தாய்மார் கூவுவது இரண்டாம் நிலைக்குரிய பாடமே. நமுத்தல் என்பது அப்பளத்துக்கும் வெடிக்கும் ஒருங்கே உரிய அழகிய வினை. அதனை வட்டார வழக்கென்று ஒதுக்கிக் கலைச்சொற்பட்டியலில் ஈரத்தாற்பயனிழத்தல் என்று எழுதுவோரை நாம் அறிவோம். அவர் வீட்டு அப்பளமும் பயனிழப்பதில்லை, நமுத்துத்தான் போகிறது.

மலேசியத் தமிழில் இன்று நேர்ந்துவருவதைச் சொல்லாமல் விடலாகாது. இறுகியது, தளர்ந்தது, தேய்ந்தது, நெளிந்தது, சிக்கியது, கடித்தது, திக்கியது, நமுத்தது என்று வேறுவேறாக நின்றவை எல்லாம் ரோசாக்காகிவிட்டது என்ற ஒரே கூற்றில் அடங்கிவருகின்றன. மலாய்ச் சொல் தமிழில் புகுவதை நாம் வெறுப்பதில்லை. துப்பாக்கியே நம் சொல்லன்று எனச் சற்றுமுன் கண்டோம். ஆனால் மலாய்மொழியோ தன் வேறுபாடுகளைக் காத்துக்கொண்டிருக்கிறது. தேய்ந்ததற்கு ஹாவுஸ், தளர்ந்ததற்கு லொங்கார், சிக்கியதற்குத் தெர்செக்காட், துருவுக்குக் காராட். ஹாவுஸ் என்பது தாகத்தையும் குறிக்கும். தேய்ந்த உறுப்பு எண்ணெய்க்குத் தாகித்திருப்பதாகக் கொண்டால் அதுவும் அழகே. நாம் அவர்களிடமிருந்து பொதுச்சொல்லை மட்டும் கடன்பெற்று, நம்மிடமிருந்த சிறப்புச்சொற்களைக் கைவிட்டோம். கொடுத்தவர் செல்வத்தோடு இருக்க, வாங்கியவர் வறியராகிய வாணிகம் இது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, லயங்கள் கலைந்து, கைத்தொழிலறிந்த தலைமுறை மறைவதோடு இச்சொற்களும் மறைகின்றன.

மறைந்தால் என்ன இழப்பு என்று மாணவர் கேட்கலாம். நீதிமன்றத்தை எண்ணிப் பாருங்கள். அவசரகால விதிகளின்கீழ் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலே மரண தண்டனைக்குரியதாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949-இல் ரவாங்கை அடுத்துக் கைதாகி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக அவ்வாண்டு மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சைத் தரணியில் பிறந்து மலாயாத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைமை வரை உயர்ந்த தமிழர் அவர். அவரைப் பற்றி எழுதுவோர் அப்படைக்கலத்தைத் துப்பாக்கி என்றும் கைத்துப்பாக்கி என்றும் ரிவால்வர் என்றும் மாறிமாறிக் குறிக்கின்றனர். ஒருவர் உயிர் போனதற்குக் காரணமான பொருளின் பெயரில் இத்தனை அசட்டை நமக்கு வேண்டாம்.

இன்றும் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனை உயர்வுச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. பின்னது சுடுதலையும் வைத்திருத்தலையும் காட்டி மிரட்டுதலையும் வேறுபடுத்துகிறது. சுடுதலுக்குரிய கட்டாய மரண தண்டனை 2023-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால்தான் நீங்கியது. இப்போது தமிழ்ச் சாட்சி ஒருவர், துப்பாக்கி வெடித்தது என்கிறார் என்று கொள்வோம். அதற்கு மூன்று பொருள் உண்டு. ஒருவர் விசையை அழுத்தச் சுடப்பட்டது என்பது ஒன்று. எவரும் அழுத்தாமல், தேய்ந்த கொக்கி நழுவித் தானே வெடித்தது என்பது ஒன்று. குழல் பிளந்து சிதறியது என்பது மற்றொன்று. வெடித்தல் என்ற வினை செய்பவனைச் சொல்லாமலே நிறைவுபெறும் இயல்புடையது. சுட்டான் என்றால் எழுவாய் வந்து நின்றுவிடும். குண்டு என்றாலும் அதே மயக்கம்: குண்டு பாய்ந்தது என்றால் தோட்டாவின் குண்டு, குண்டு வெடித்தது என்றால் வேறு குண்டு. வினையே பெயரின் பொருளை முடிவுசெய்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதனை உணராது ஆங்கிலத்திலோ மலாயிலோ ஒரே சொல்லால் பெயர்த்தால் அவ்வழக்கின் போக்கே மாறும்.

நிரப்பியிருந்தது என்ற சொல்லும் அத்தகையதே. முன்னாளில் வாயின்வழி மருந்தையிட்டுக் கோலால் இடித்தபோது கெட்டித்தல் என்றனர். கெட்டித்ததா இல்லையா என்ற இருநிலைதான் அன்று உண்டு. கூட்டுடைய கைத்துப்பாக்கியில் நிலைகள் மூன்று: எங்கும் தோட்டா இல்லை, கூட்டில் உண்டு, குழலறையில் இல்லை, குழலறையிலேயே உண்டு. கூட்டை உருவிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று நினைப்பதே உலகெங்கும் பல உயிர்களைக் குடித்த பிழை. குழலறையில் ஒன்று தங்கியிருக்கும். கூடும் அறையும் வேறு என்று சொல்லத் தமிழுக்கு இரண்டு எளிய சொற்கள் உள்ளன. பயன்படுத்தினால் போதும்.

பழைய படைக்கலம் எதனையும் அருங்காட்சியகத்துக்காகப் பேணுவோர்க்கு முறை வேறு. அங்குச் சுடுவது நோக்கமன்று, காப்பதே நோக்கம். மேற்பூச்சின் கருநீலத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வரலாற்றை அழிப்பது. இரும்புக் கம்பிச்சுருளால் உரசலாகாது. துருவை மெல்ல நிறுத்தி, நுண்மெழுகைப் பூசி, உலர்ந்த பெட்டியில் உறையினின்று பிரித்துவைப்பர். 1883-இல் தொடங்கிய தைப்பிங் அருங்காட்சியகத்துக்கும் கோலாலம்பூர்க் காவல்துறை அருங்காட்சியகத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒரு பயிற்சி தரலாம். கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு பொருளுக்கு மாணவர் தமிழில் பெயர்ப்பலகை எழுதட்டும். பெயரும் ஆண்டும் மட்டும் போதா. எதில் துரு, எதில் களிம்பு, எந்த உறுப்பு தேய்ந்தது, எது நெளிந்தது, எது இல்லை என்று நான்கு வரியில் எழுதவேண்டும். அழுக்கு, உடைந்தது, ரோசாக் என்ற மூன்று சொற்களுக்கும் அப்பலகையில் இடமில்லை.

பழைய தோட்டங்களில் வீடமைக்க மண்ணைக் கிளறும்போது அக்காலத்துப் படைக்கலமோ தோட்டாவோ வெளிப்படுமாயின், அதனைத் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும் என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவையுங்கள். நம் சட்டத்தில் துப்பாக்கியின் உறுப்பும் துப்பாக்கியாகவே கொள்ளப்படும். எழுபதாண்டு மண்ணில் கிடந்த மருந்து நமுத்துப் போயிருக்கும் என்று எவரும் உறுதிகூற இயலாது.